மூன்றாம் பிரதிவாதி

அத்தியாயம் ஐந்து

வக்கீல் அம்மா நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அவர் உட்கார மாட்டாரும்மா," என்றான் என் மச்சினன். "முதுகுல மடக்கற இடம் வைக்க மறந்துட்டாங்க."

மச்சினன் என் மனைவியின் தம்பி. ஐம்பத்திரண்டு வயது. என் காரை ஓட்டுகிறான், என் பையைத் தூக்குகிறான், கேட்காத இடத்தில் பேசுகிறான். லிஃப்ட் விபத்துகளுக்குக் காரணம் யார் என்று துப்பறிந்து கோர்ட்டில் சொல்வது என் வேலை. இதுவரை இருபத்துமூன்று விபத்துகள். ஒன்றில்கூட என் சொல் தவறியதில்லை. அந்த இருபத்துமூன்றிலும் இவன் என் பின்னால் நின்று இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

ஆனால் இது இருபத்துநான்காவது. வழக்கு மனுவில் பிரதிவாதிகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது, விபத்து நடந்த தையல் ஆலைக் கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனம். இரண்டாவது, அந்தக் கட்டடத்தின் சரக்கு லிஃப்டைப் பராமரிக்கும் புது நிறுவனம். மூன்றாவது பெயர் என் அப்பாவினுடையது. அவர் போய் முப்பது வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தின் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் அவர் பெயரில்தான் நடக்கிறது. போன வருடம்தான் பொறுப்பை என் மகனிடம் கொடுத்தேன்.

"இந்தப் பேரை எடுங்கள்," என்றேன்.

"காரணம் சொல்லுங்க சார், எடுக்கறேன். இன்னியோட விபத்து நடந்து மூணு வருஷம் முடியுது. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும். எந்தப் பேர் உள்ள இருக்கோ அவங்கமேல மட்டும்தான் வழக்கு. நாளைக்கு உண்மை தெரிஞ்சாலும் புதுசா யாரையும் சேர்க்க முடியாது."

"கடைசி நாள் வரை ஏன் விட்டீர்கள்?"

"நாங்க எங்க விட்டோம்? கட்டடக்காரங்க பேசித் தீர்த்துக்கலாம்னு மூணு வருஷம் இழுத்தாங்க. போன மாசம் கம்பெனியைக் கலைச்சு, போர்டைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. ஆக முதல் ஆள் வெறும் காகிதம். ரெண்டாவது ஆள் ஒண்ணாம் தேதி ஒப்பந்தம் போட்டாங்க. முதல் தடவை லிஃப்டைப் பார்க்க வந்தது பத்தாம் தேதி. விபத்து ரெண்டாம் தேதி. அவங்க தப்பிச்சுடுவாங்க."

"எங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தின முப்பதாம் தேதியே முடிந்துவிட்டது."

"ஒப்பந்தம் முடிஞ்சா, மாட்டின ஒயர் தானா கழண்டுடுமா சார்?"

அவர் ஒரு கண்ணாடிக் காகித உறையை என் பக்கம் தள்ளினார். உள்ளே ஒரு கறுப்பு ஒயர். விரல் நீளம். இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப். விபத்துக்கு மறுநாள் மேல்மாடி மோட்டார் ரூமில் லிஃப்டின் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்த ஆய்வாளர் அதற்குள் இருந்து எடுத்தது.

விஷயம் சிறியது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக்கூடாது. அதற்காகவே கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மெக்கானிக் சோதனை செய்யும்போது, கதவைத் திறந்து வைத்தே லிஃப்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது இப்படி ஓர் ஒயரைப் பெட்டிக்குள் மாட்டுவான். கதவு மூடியிருப்பதாக லிஃப்ட் ஏமாந்து ஓடும். வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்ற வேண்டும். யாரோ கழற்றவில்லை.

ஜன்னல் ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். அவள்தான் வாதி. பொத்தான் துளை தைக்கும் காஜா மிஷினில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள்.

"துணி வண்டியை இழுத்துக்கிட்டுப் பின்பக்கமா நடந்தேன்," என்றாள், யாரும் கேட்காமலே. "கதவைத் திறந்து வச்சது நான்தான். லிஃப்ட் நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன். வண்டியை எடுக்கத் திரும்பின நேரத்துல மேல யாரோ பட்டன் அழுத்தியிருக்காங்க. காலைப் பின்னாடி வச்சேன், தரை இல்லை."

அவள் கால்களை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"பையைத் திற," என்றேன் மச்சினனிடம்.

அவன் எங்கள் ஒயரை எடுத்துக் கொடுத்தான். இரண்டு கை நீளம். பளிச்சென்ற சிவப்பு. நடுவில் ஓர் உள்ளங்கை அகல மரக்கட்டை, அதில் 1 என்று எண் பொறித்திருக்கும். வக்கீல் அம்மாவின் சுவரில் மாட்டியிருந்த ஆழமில்லாத இரும்புச் சாவிப் பெட்டியைத் திறந்து ஒயரை உள்ளே போட்டேன்.

"மூடுங்கள்."

அவர் மூடிப் பார்த்தார். கட்டை இடித்தது. மறுபடி தள்ளிப் பார்த்தார். கதவு நிற்கவில்லை.

"முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நான் போட்ட விதி. எங்கள் ஆட்கள் இதைத் தவிர வேறு ஒயரைப் பெட்டிக்குள் மாட்டக்கூடாது. இது உள்ளே இருந்தால் பெட்டி மூடாது. பெட்டி மூடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே எங்கள் ஆள் மறக்கவே முடியாது. ஆளுக்கு ஒன்று, எண்ணோடு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரிசையாக நிற்க வைத்து நானே பார்ப்பேன். தொலைத்தவன், கெடுத்தவன் அன்றே வீட்டுக்குப் போகலாம்."

"புதுசா இருக்கே?"

"ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் ஆட்கள் அப்படி வைத்துக்கொள்வார்கள்."

இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வக்கீல் அம்மா ஒயரைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தருகிறேன்." அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இருபத்துமூணு வழக்குல உங்க சொல்லை நீதிபதிங்க ஏத்துக்கிட்டிருக்காங்க. நீங்களே எதிர்த்தரப்புல நின்னு இதைச் சொன்னா நான் தோத்துடுவேன். வழக்கும் வருஷக்கணக்குல இழுக்கும்." அவர் பேனாவை எடுத்து மூன்றாவது பெயரை அடித்தார். "ஆனா இப்போ இந்தம்மாவுக்குன்னு யாரும் மிச்சமில்லை. இங்க ஒருத்தர் போயே போயிட்டார், இன்னொருத்தர் வரவே இல்லை."

சக்கர நாற்காலியில் இருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"அப்போ யாருங்க ஐயா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வக்கீல்கள் கேட்பார்கள், நீதிபதிகள் கேட்பார்கள். அடிபட்டவர்கள் ஒரு மூலையில் இருப்பார்கள்.

"ஐந்து மணிக்குள் சொல்கிறேன்," என்றேன். "இது என் வாக்கு."

படியிறங்கும்போது மச்சினன் கேட்டான். "அத்தான், மணி பன்னிரண்டரை. மூணு வருஷமா யாருக்கும் கிடைக்காததை நாலரை மணி நேரத்துல பிடிக்கப் போறோமா?"

"ஆம்."

"சரி. சாப்பாடு கிடையாதுன்னு அக்காவுக்குப் போன் பண்ணிடறேன்."

கட்டடத்தின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஆனால் காவலாளி தன் கூண்டில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். கம்பெனி போய்விட்டது, இவரைப் போகச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

"சம்பளம்?" என்றான் மச்சினன்.

"வரலை. ஆனா நிறுத்திட்டோம்னும் சொல்லலையே."

"அத்தான், உங்களைவிட நிமிர்ந்த முதுகு ஒண்ணு இங்க இருக்கு."

நான் காவலாளியிடம் பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். அதையும் தூசி தட்டி அடுக்கி வைத்திருந்தார். விபத்து நடந்த வாரத்தைத் திறந்தோம். முப்பதாம் தேதி, லிஃப்ட் மெக்கானிக், இரண்டு மணிக்கு உள்ளே, மூன்று நாற்பதுக்கு வெளியே. அதற்குப் பிறகு இரண்டாம் தேதி வரை லிஃப்ட் வேலைக்கென்று ஒருவரும் வரவில்லை.

"எழுதாமல் யாராவது மேலே போயிருக்கலாம் இல்லையா?" என்றேன்.

"மோட்டார் ரூம் சாவி என் இடுப்பை விட்டுப் போனதில்லைங்க. முப்பதாம் தேதி வந்தவருக்குத்தான் கடைசியாத் திறந்து விட்டேன். அடுத்தது விபத்துக்கு மறுநாள், ஆய்வாளருக்கு."

"வந்தவர் எப்படி இருப்பார்?"

"வாசல்ல குனிஞ்சு வருவாரு. நெட்டையா."

பட்டறையில் நாங்கள் நெட்டை என்று கூப்பிடுபவன் நினைவுக்கு வந்தான். நெட்டை எங்கள் ஆள். பதினான்கு வருடமாக எங்களிடம் இருக்கிறான். நான்காம் எண்.

"அவர் இடுப்பில் சிவப்பாக ஒரு ஒயர் இருந்ததா?"

"இருந்துச்சே. கட்டையோட. நடந்தா ஆடும்."

"எப்போது பார்த்தீர்கள்? வரும்போதா, போகும்போதா?"

"ரெண்டு தடவையும். நடுவிலயும்தான். நான் மேல டீ கொண்டு போனேன். அவர் பெட்டிக்குள்ள கையை விட்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்தாரு. கீழ்மாடிக் கதவைத் திறந்தே வச்சுட்டு லிஃப்டை மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. டீயை நீட்டினேன், டக்குனு திரும்பினாரு, இடுப்புல இருந்த கட்டை தட்டி டீயெல்லாம் என் சட்டையில. அதான் மறக்கலை."

நான் மூச்சுவிட்டேன். ஒயர் அவன் இடுப்பில் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகவில்லை. சொன்னதைச் செய்யும் ஆட்கள் எங்கள் ஆட்கள்.

"நம் ஆள் சுத்தம்," என்றேன் காரில் ஏறியதும். "யாரோ மோட்டார் ரூமுக்குக் கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள். அதைத்தான் தேட வேண்டும்."

மச்சினன் காரைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். அவன் சும்மா இருப்பதை என் திருமணத்துக்குப் பிறகு நான்கைந்து முறைதான் பார்த்திருக்கிறேன்.

"என்ன?"

"ஒரு சின்ன சந்தேகம் அத்தான். கதவு திறந்திருந்தா லிஃப்ட் ஓடாது. பெட்டிக்குள்ள ஒயர் மாட்டினாத்தான் ஓடும். சரியா?"

"சரி."

"கதவு திறந்திருந்துச்சு. லிஃப்ட் ஓடிக்கிட்டிருந்துச்சு. நம்ம ஒயர் நெட்டை இடுப்புல ஆடிக்கிட்டு இருந்துச்சு." அவன் என் பக்கம் திரும்பவில்லை. "அப்போ லிஃப்ட் எதுல ஓடுச்சு? நெட்டை கெஞ்சிக் கேட்டுக்கிட்டானா?"

வெயில் கண்ணாடியில் அடித்தது. என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"பட்டறைக்கு விடு," என்றேன்.

பட்டறையை அடைந்தபோது மூன்றரை. மகன் உள் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆட்கள் ஒவ்வொருவராக வெளி வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வந்ததும் இடுப்பிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுவரில் அவரவர் ஆணியில் மாட்டுவது வழக்கம். ஏழு ஆணிகள். முதல் ஆணியின் ஒயர் எங்கள் பையில் இருந்தது. அதை எடுத்து நானே மாட்டினேன்.

பிறகு என் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். நான் கையில் கருவி பிடித்த காலத்து ஒயர் அங்கே இருக்கிறது. நான் செய்த முதல் ஒயர். அதைச் சுவரிலிருந்த முதல் ஒயருக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

என் ஒயரில் கிளிப்பின் பற்கள் மழுங்கியிருந்தன. மாட்டும்போதும் கழற்றும்போதும் பொறி தெறித்து, முனை முழுவதும் கரும்புள்ளி. சிவப்பு, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கட்டையின் மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தன.

சுவரிலிருந்த ஒயர் நேற்று வாங்கியதைப் போல இருந்தது. பற்கள் கூராக இருந்தன. ஒரு புள்ளி இல்லை. இரண்டாவதைப் பார்த்தேன். மூன்றாவதைப் பார்த்தேன். ஒன்பது வருடம், பத்து வருடம் பழைய ஒயர்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இவற்றைக் கையில் வாங்கிப் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறாய் என்று சொன்னவன் நான்.

"அத்தான்," என்றான் மச்சினன் மெதுவாக. "இது எதையும் ஒருநாள்கூட மாட்டினதில்லை."

"ஒன்றைத் தவிர," என்றேன்.

நான்காம் ஆணி. அந்த ஒயர் மட்டும் கறுத்திருந்தது. கிளிப்புகள் மழுங்கியிருந்தன. மூன்று வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதற்காக நான் நெட்டையைத் திட்டியிருக்கிறேன். மற்றவர்களைப் பார், பொருளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

மூன்று வருடமாக.

நெட்டை வாசலில் நின்றிருந்தான். என் கையில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டான்.

"உன்னுடையது மட்டும் ஏன் கறுத்திருக்கிறது?"

"மாட்டறேன் ஐயா. அதனால."

"மற்றவர்கள்?"

அவன் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

"பத்து வருஷம் முன்னாடி நம்மகிட்ட வேலை பார்த்த முட்டைக்கண்ணனை ஞாபகம் இருக்காங்க?" என்றான். "அவன் ஒயர்ல கிளிப்பு கருகிப் போச்சுன்னு, குடுத்த பொருளைக் காப்பாத்தத் தெரியாதவன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் வீட்டுக்கு அனுப்பினீங்க. ஒயரை மாட்டினா கருகத்தான் செய்யும் ஐயா. அவன் ஒழுங்கா வேலை செஞ்சான், அதான் கருகிச்சு. அன்னிக்கே எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சுக்கிட்டோம். உங்களுக்குக் காட்ட ஒண்ணு. வேலைக்கு ஒண்ணு."

"எடுங்கள்," என்றேன் எல்லோரையும் பார்த்து.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு வயதான மெக்கானிக் ஒருவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு கறுப்பு ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் நீளம். அடுத்தவன் வைத்தான். அதற்கடுத்தவன். ஆறு பேர், ஆறு ஒயர்கள். வக்கீல் அம்மாவின் உறையில் பார்த்ததன் உடன்பிறப்புகள்.

"உன்னுடையது?" என்றேன் நெட்டையிடம், தெரிந்துகொண்டே.

"அது வக்கீல் அம்மாகிட்ட இருக்குங்க." "முப்பதாம் தேதி கடைசி சர்வீஸ். கையெழுத்து வாங்கணும், பெட்டிச் சாவியை ஒப்படைக்கணும்னு அவசரம். பெட்டி லேசா மூடிக்கிச்சு. என் கட்டை இருந்திருந்தா மூடியிருக்காதுல்ல ஐயா? ரெண்டு நாள் கழிச்சுக் கேள்விப்பட்டேன். அதுலேர்ந்து நீங்க குடுத்ததைத்தான் மாட்டறேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா ஏழு பேரும் போகணும்."

"என்கிட்ட சொன்னான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மகன். போன் இன்னும் கையில் இருந்தது. "மூணு மாசம் கழிச்சு வந்து சொன்னான்பா. எனக்குத் தெரியும்."

"எனக்கு?"

"உங்ககிட்ட யாரால சொல்ல முடியும்?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்று வெயில் அதிகம் என்பதைப் போலச் சொன்னான்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்தது. மகன் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அப்பா, அந்த வக்கீல் அம்மா நம்ம பேரை அடிச்சாச்சுன்னு இப்பதான் போன்ல சொன்னாங்க. அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சுடும். நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். ஒண்ணுமே செய்ய வேண்டாம். ஒரு மணி நேரம் இந்த நாற்காலியில சும்மா உட்கார்ந்திருங்க. அது போதும். இல்லைன்னா நாளையிலேர்ந்து ஒரு கட்டடமும் நம்மளை உள்ள விடாது. தாத்தா பேருக்கு முன்னாடி பிரதிவாதின்னு எழுதியிருக்கும். அதையா கேட்கறீங்க?"

நாற்காலி அங்கேதான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரம். அதில் ஒரு குற்றமும் இல்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் வாக்குத் தவறியதாக மட்டும்தான் ஆகும். இருபத்துமூன்றுக்கு ஒன்று.

மேஜைமேல் ஆறு கறுப்பு ஒயர்கள் கிடந்தன. விதியைப் போட்டவன் நான். வேலை செய்த கையைத் தண்டித்தவனும் நான். என் விதியை என்னிடமிருந்தே காப்பாற்றிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள்.

ஆறையும் அள்ளிப் பைக்குள் போட்டேன். முதல் ஆணியிலிருந்த சிவப்பு ஒயரையும் எடுத்துக்கொண்டேன்.

"அப்பா."

"உன் தாத்தா பேர் அந்த மனுவில் இல்லாமல் போனால்தான் அவமானம்," என்றேன். "நெட்டை, நீயும் வா."

மச்சினன் காரை ஓட்டிய விதத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு முறை கண்களை மூடிக்கொண்டேன். ஒரு சிக்னலில் நின்றபோது அவன் சொன்னான். "அத்தான், பட்டறையில உங்களுக்கு என்ன பேருன்னு தெரியுமா? ஸ்கேல்."

"தெரியும்."

"தெரியுமா?"

"இருபது வருடமாகத் தெரியும். பெருமையாகத்தான் நினைத்தேன்."

அவனிடம் அதற்கு ஒரு நகைச்சுவை இருந்திருக்கும். அதற்குள் பச்சை விழுந்தது.

கோர்ட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது நான்கு நாற்பத்தெட்டு. தாக்கல் செய்யும் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்டின் கதவில் பழுது என்று அட்டை தொங்கியது. படிக்கட்டின் அடியில், சுவரை ஒட்டி, சக்கர நாற்காலியில் அவள் இருந்தாள். அவளை மேலே கொண்டுபோக வழியில்லை. மடியில் அதே கைகள்.

என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள். கேள்வியைக் காலையிலேயே கேட்டுவிட்டாள்.

பல தடவை பல நீதிபதிகள் முன் நின்று பெயர் சொல்லியிருக்கிறேன். அடிபட்டவர் முன் நின்று சொன்னதில்லை.

"நாங்கள்தான்," என்றேன். "அந்த ஒயரை விட்டவன் இவன். இவனை அப்படி வேலை செய்ய வைத்தவன் நான்."

நெட்டை அவள் எதிரில் முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அவர்கள் இருவர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. அவள் அவனை வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. ஒரு நொடிதான் இருக்கும். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மணி நாலு ஐம்பது ஆகுதுங்க. படி ஏறுங்க."

ஏறினேன். அறுபத்தொன்பது வயது முழங்கால்கள். முதல் மாடியில் மச்சினன் பையை வாங்கிக்கொண்டான். இரண்டாவது மாடியில் என் முதுகில் கைவைத்துத் தள்ளினான். வேறு எந்த நாளிலும் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

வக்கீல் அம்மா ஜன்னல் முன் நின்றிருந்தார். முன்னால் ஒரே ஓர் ஆள். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூன்றாவது பெயரை மறுபடி எழுதுங்கள்," என்றேன். மூச்சு வாங்கியதால் இரண்டு தடவையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மச்சினன் பையைத் திறந்து ஆறு ஒயர்களையும் ஜன்னல் பலகைமேல் கொட்டினான். வக்கீல் அம்மா ஒன்றை எடுத்தார், தன் உறையிலிருந்ததற்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"காலையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே சார், அந்தக் காகிதம்? அதைக் கிழிச்சுடட்டுமா? நீங்க தெரியாமத்தானே சொன்னீங்க."

"தெரிந்துகொள்ளாமல் சொன்னேன். கிழிக்க வேண்டாம். அதுவும் உள்ளே இருக்கட்டும்."

"அம்மா, மூணு நிமிஷம்தான் இருக்கு," என்றார் குமாஸ்தா.

வக்கீல் அம்மா பேனாவை நீட்டினார். அடித்த பெயருக்குக் கீழே, என் கையெழுத்தில், என் அப்பாவின் பெயரை எழுதினேன். சிறு வயதில் சிலேட்டில் முதலில் எழுதப் பழகிய பெயர் அதுதான். வக்கீல் அம்மா ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். குமாஸ்தாவின் முத்திரை விழுந்தது. நான்கு ஐம்பத்தெட்டு.

"உங்க பையன் என்ன சொல்வார் சார்?" என்றார் வக்கீல் அம்மா.

"என்னிடம் சொல்ல முடியும் என்று முதலில் அவன் தெரிந்துகொள்ளட்டும்."

"அக்கா என்ன சொல்வாங்கன்னு கேளுங்க," என்றான் மச்சினன். கைக்குட்டையை எடுத்து, வேர்த்தது என்பதுபோல முகத்தைத் துடைத்தான்.

வக்கீல் அம்மா சான்றுப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஏழு கறுப்பு ஒயர்களும் கண்ணாடிக் காகித உறைக்குள் சுலபமாகப் போய்விட்டன. கடைசியாகச் சிவப்பு ஒயரைச் சுருட்டி உள்ளே திணித்தார். உறையின் வாயைப் பிடித்து மூடப் பார்த்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார்.

கட்டை இடித்தது. உறை மூடவில்லை.